அண்ணனின் கிட்டாரும் என் ரீப்பர் கட்டையும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் என் வணக்கம். இதை எழுத வேண்டியவர் அண்ணியார். "எனக்கு எழுத வராது தம்பி. மேடையில அவர் பின்னாடியே நின்னது நீங்கதானே, நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டார். உண்மைதான். நீங்களெல்லாம் அண்ணனை முன்னால் இருந்து பார்த்தவர்கள். நான் அவருடைய முதுகைப் பார்த்தவன். சுவிட்சுப் பலகை எப்போதும் மேடைக்குப் பின்னால்தானே இருக்கும்!

நான் வயரிங் வேலை செய்பவன். பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி, தொழிலும் அதற்கேற்றாற்போல் வாய்த்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் எனக்கு ஒரே ஒரு பயம்தான்: அண்ணன் கையில் இருக்கும் அந்த எலக்ட்ரிக் கிட்டார் என்றைக்காவது அவர் உயிரைக் குடித்துவிடுமோ என்பது. அவர் வாழ்க்கையை எழுது என்றால் எனக்கு அந்தப் பயத்தின் வழியாகத்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பெருமுக்கல் மலையடிவாரத்தில் எங்கள் நிலத்து வீட்டில். அப்பா மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் பயிரிட்டவர். அண்ணன் திண்டிவனத்தில் பத்தாவது வரை படித்தார். அதற்கு மேல் படிப்பு ஏறாமல் புதுச்சேரி பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் கழுத்து உடைந்த கிட்டாரைக் கொண்டுவந்து ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டி முடித்ததும், சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, பெரியவர் மரத்தூள் மேலேயே உட்கார்ந்து வாசித்தாராம். அண்ணன் அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பெரியவர் வீடுதான். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய் வீட்டுக்கு வருவார்.

"என்னாடா பாட்டு அது?" என்று அப்பா கேட்டார்.

"ப்ளூஸ்னு பேருப்பா. கஷ்டத்த ரெண்டு தரம் சொல்லணும். மூணாவது தரம் அதுக்கு பதிலு சொல்லணும். அவ்ளோதான்."

"ரெண்டு தரம் சொல்றதுக்கு இங்க நாங்களே இருக்கிறோம். மழை பெய்யல, மழை பெய்யலன்னு தெனம் சொல்லிக்கினுதான் இருக்கிறோம். பதிலு எவன் சொல்றான்?"

அண்ணன் அதையே பாட்டாக்கினார். கடைசி வரை அந்தப் பாட்டில்தான் கச்சேரியைத் தொடங்குவார்.

விழுப்புரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து பல ஆண்டுகள் சினிமாப் பாட்டுக்கு வாசித்தார். சனி ஞாயிறுகளில் புதுச்சேரி ஓட்டல்களில் ப்ளூஸ். பிறகு டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஒருவர் என்று இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தனிக் குழு தொடங்கினார். ப்ளூஸ் ராக் என்பார். எனக்கு அதில் ராக்தான் அதிகம் கேட்கும். கோயில் விழாக்களில் "சினிமாப் பாட்டுப் போடுய்யா" என்று கூச்சல் போடுவார்கள். கல்யாணத்தில் பந்தி தொடங்கியதும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு பெரியம்மா, "மாடு கன்னு போடற மாதிரி என்னாத்துக்குடா இப்படிக் கத்துற?" என்றே கேட்டார். அண்ணன் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கத்தினார். வட்டாரத்தில் எந்தக் கலைஞர் வீட்டில் சாவு என்றாலும் சுடுகாடு வரை போய் நின்றுவிட்டுத்தான் திரும்புவார்.

என் பயம் தொடங்கியது ஓர் ஆடி மாதம். நான் ஐ.டி.ஐ. முடித்திருந்தேன். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. மழை பெய்து தரையெல்லாம் ஈரம். சாமி எதிரில் செருப்பு போடக்கூடாது என்பதால் குழுவினர் எல்லோரும் வெறுங்கால். அண்ணன் கிட்டார் கம்பியைப் பிடித்தபடி பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைத்தார். பளிச்சென்று ஒரு பொறி. அப்படியே மல்லாந்து விழுந்தார். கூட்டத்தில் பாதிப்பேர் அவருக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் குலவை போட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் ஆம்ப்ளிஃபையர் பிளக்கில், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் பின்னையே காணோம். சவுண்டு செட்டு ஆள் அசராமல் சொன்னார்: "அந்தப் பின்னு சாக்கெட்ல நிக்கலப்பா. அதான் ஒடச்சிட்டேன்."

அடப்பாவி! அண்ணன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மீதிப் பாட்டையும் பாடினார். நான் அன்றிலிருந்து அவர் பின்னால் நிற்க ஆரம்பித்தேன்.

எந்த ஊர் மேடையானாலும் முதலில் நான் போய் எர்த் பார்ப்பேன். குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். அண்ணன் நிற்கும் இடத்தில் ரப்பர் பாய் விரிப்பேன். மைக்கை முதலில் புறங்கையால் தொடச் சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கையால் தொட்டால் கை மூடிப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் உதறிவிடும். அண்ணன் ஒவ்வொரு கச்சேரியிலும் மைக்கைப் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் பாடுவார். அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்துக் கல்லூரிப் பையன்கள் செய்துகாட்டுவார்கள். அதற்குப் பின்னால் இருந்தது என் பயம் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

இவ்வளவுக்கும் மேல் ஒரு ரீப்பர் கட்டை. கூரையில் ஓடு தாங்க அடிக்கிற மரச்சட்டம். கரண்டு பிடித்தவரைக் கையால் இழுக்கக்கூடாது, காய்ந்த மரத்தால் தட்டிவிட வேண்டும். அதனால் கச்சேரி முடியும் வரை அந்தக் கட்டை என் கையில் இருக்கும். "என்னா முருகா, வேல எடுத்துக்கினு வந்துட்டியா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார். ஆனால் நான் மறந்துவிட்டு வந்தால் "கட்டை எங்கடா?" என்று கேட்பவரும் அவர்தான்.

பிறகு அண்ணனுக்கு இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. புதுச்சேரியில் நெஞ்சுக்குள், துடிப்பைச் சீராக்குகிற பேஸ்மேக்கர் வைத்தார்கள். "வாசிக்கலாம். ஆனா கரண்டு கசிவு மட்டும் இருக்கவே கூடாது. ஸ்பீக்கரை நெஞ்சோட அணைச்சுத் தூக்காதீங்க" என்றார் மருத்துவர். அண்ணன் காதில் "வாசிக்கலாம்" என்பது மட்டும் விழுந்தது. என் காதில் மீதி எல்லாம் விழுந்தது. அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. அண்ணியார் ஆம்ப்ளிஃபையரைத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அண்ணன் சண்டை போடவில்லை. சாயங்காலம் கரண்டு இல்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பார். கம்பிச் சத்தம் அவருக்கே சரியாகக் கேட்காது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வரும்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு விழுப்புரம். மண்டபம் திண்டிவனத்தில். "ரிசப்ஷன்ல அப்பா வாசிக்கணும் சித்தப்பா. வேற கச்சேரி வெச்சா நான் மேடையே ஏற மாட்டேன்" என்றாள் பெண். அவளும் அப்பாவிடம் கிட்டார் பிடித்து வளர்ந்தவள். அண்ணியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொண்ணு கழுத்துல தாலி ஏர்ற நேரத்துல என் தாலிக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா இருக்குது தம்பி. நீங்க சொன்னா அவர் கேப்பாரு."

நான் போய்ச் சொன்னேன். "வேணாம்ணா. ஒரு நாள்தானே. அடுத்தவன் வாசிக்கட்டும்."

அண்ணன் என்னையே பார்த்தார். "டேய், எம்பொண்ணு கல்யாணத்துல நான் சும்மா ஒக்காந்துக்கினு எவனோ வாசிக்கிறதக் கேக்கணுமா? அதுக்கு அந்த மெஷின எதுக்குடா நெஞ்சில வெச்சிக்கினேன்? நீ இருக்கியே பின்னாடி. அப்புறம் என்னாத்துக்குப் பேஜாரு பண்ற?"

மண்டபத்துக்குப் பின்னால் புதிதாக எர்த் குழி வெட்டினேன். மண்டப மேலாளர் திட்டியதைக் காதில் வாங்கவில்லை. மேடைக்குப் போகிற வயருக்குத் தனியாக ஒரு டிரிப்பர் போட்டேன். கரண்டு கொஞ்சம் கசிந்தாலும் தானே அணைந்துவிடுகிற சுவிட்சு அது. இதற்குமேல் செய்ய எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. குலசாமியை வேண்டிக்கொண்டு கட்டையோடு நின்றேன்.

அண்ணன் மேடையேறியதும் சம்பந்தி அவருக்குப் பெரிய ரோஜா மாலை ஒன்று போட்டார். சம்பந்தி போட்ட மாலையை உடனே கழற்றித் தூரப் போட முடியுமா? அண்ணன் அதை மரியாதையாகக் கழற்றிக் காலடியில் இருந்த பெட்டிமேல் வைத்தார். அது கிட்டார் சத்தத்தைக் காலால் மாற்றுகிற பெடலுக்குக் கரண்டு போகிற எக்ஸ்டென்ஷன் பெட்டி. பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த மாலை. பின்னால் நின்ற எனக்கு அது தெரியவில்லை.

அண்ணன் புறங்கையால் மைக்கைத் தொட்டார். அப்பாவின் மழைப்பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது முறை பாடி முடித்து, கம்பியை வளைத்து ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தார். சட்டென்று சத்தம் நின்றது. மண்டபத்தில் விளக்கெல்லாம் எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்து, தோள் விறைத்து, கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார்.

ஐயோ அண்ணா என்று அலறிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். கிட்டாரில் பட்டு ஒரு கம்பி அறுந்தது. மரம் சிராய்ந்தது. "பங்காளி அடிக்கிறான், புடிங்கடா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இருவர் மேடையேறி என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். சம்பந்தி அம்மாள் அண்ணியாரிடம் மெல்ல, "நெலத்து வழக்கு எதுனா இருக்குதுங்களா?" என்று கேட்டாராம்.

அண்ணன் திரும்பினார். பின்னால் நிற்க ஆரம்பித்த பிறகு, மேடையில் வாசிக்கும்போது அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது அன்றுதான். வியர்வை வழிகிறது, கண்ணெல்லாம் சிரிப்பு. "டேய் டேய், உட்றா! நின்னது உன் டிரிப்பருடா. நான் இருக்கிறேன்."

ஈரம் இறங்கி டிரிப்பர் வேலை செய்திருக்கிறது. சுரத்தை நழுவ விடக்கூடாதென்று அண்ணன் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மாலையை எடுத்துப் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் காத்திருக்கவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்து, கரண்டு இல்லாமல், மீதி இருந்த கம்பிகளோடு வேறொரு பாட்டைப் பாடினார்.

"பைபாஸ்ல நின்னேன், ஒரு பஸ்ஸும் நிக்கல,
பைபாஸ்ல நின்னேன், ஒரு பஸ்ஸும் நிக்கல,
நடக்கத் தொடங்கினேன், அப்புறம் ஒண்ணும் கஷ்டமா இல்ல."

திண்டிவனம் பைபாஸில் பஸ்ஸுக்கு நிற்காதவர் அந்த மண்டபத்தில் யார் இருந்தார்கள்? எல்லோரும் கைதட்டிச் சேர்ந்து பாடினார்கள். என்னைத் திட்டிய மேலாளரும் பாடினார். அண்ணியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். அதுதான் அண்ணனின் கடைசிக் கச்சேரி என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஐப்பசி மழையில் அண்ணனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அவரே சொல்லித் திரும்பிவிட்டார். ஒரு நாள் காலையில் அண்ணியார் காப்பி எடுத்துக்கொண்டு எழுப்பப் போனவர் என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். வழியிலேயே என் கண் சுவிட்சுப் பலகையைப் பார்த்தது. எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், நெற்றியைப் புறங்கையால்தான் தொட்டேன். உதறிவிட ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்லி யார் யாரோ சொன்னார்கள். வெகுநேரம் விடவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கொட்டும் மழையில் வந்து தோள் கொடுத்த ஊராருக்கும், வழி நெடுக வாசித்துக்கொண்டே வந்த டிரம்ஸ், பேஸ் நண்பர்களுக்கும், குயிலாப்பாளையத்துப் பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. என் கட்டையை மன்னித்து, துக்கத்தில் எங்களோடு ஒரே வீட்டார்போல் நின்ற சம்பந்தி வீட்டாருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

நினைவு நாளன்று படையல் முடிந்ததும் மகள் அண்ணனின் கிட்டாரை வாசிக்கப் போகிறாள். அறுந்த கம்பியை மாற்றியாயிற்று. சிராய்ப்பை அப்படியே விட்டிருக்கிறோம். வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை கொண்டுவந்தால் படத்துக்கு மட்டும் போடுங்கள். கிட்டாருக்குத் தயவுசெய்து வேண்டாம், பூவில் தண்ணீர் இருக்கும். எர்த் குழியில் இன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிட்டேன், நாளைக்கும் ஊற்றுவேன். அண்ணன் போன பிறகு இந்தக் கட்டை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பெண் வாசிக்கிறாளே! நான் அவளுக்குப் பின்னால், சுவிட்சுக்குப் பக்கத்தில், கையில் கட்டையோடு நிற்பேன். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.