மறுத்துப் பேசும் வகுப்பு

மெல்பேணின் வெரிபீயில் நாங்கள் இருந்த காலத்தில் என் ரிப்போர்ட்டில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதுவார்கள்: அமைதியான பிள்ளை. அம்மா அதைப் பெரிய பாராட்டு என்று நம்பி, மாதா கோயிலில் அகப்பட்ட அன்ரிமாருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் வாயைத் திறக்காமல் இருப்பதை ஒரு திறமையாகவே வளர்த்து வந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னை அட்வான்ஸ்ட் இங்கிலிஷில் போட்டார்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் எதை எதிர்பார்க்கலாம் என்று விளக்க, ஒரு பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா பேர்த் பக்கம் சுரங்க வேலையில் இருந்தார். மாதத்தில் ஒரு கிழமைதான் வீட்டில் நிற்பார். அதனால் அம்மாவுடன், எங்கள் வீட்டிலேயே இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தான் வேலை செய்த டயர்க் கடைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார்.

வாசிக்கிற புத்தகங்கள் அதிகம், ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதவேண்டும், ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் என்று நினைக்கக் கூடாது என்று ஆசிரியை சொல்லிக்கொண்டு போனார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஆசிரியை, இங்கே பிள்ளைகள் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துப் பேசவேண்டும், தன்னையும் மறுக்கலாம் என்றார். தவணை முடிவில் ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று வாதாட வேண்டுமாம். அது முடியாதவர்களுக்குச் சாதாரண வகுப்பே நல்லதாம். அம்மாவின் தலை அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"டீச்சரை எதிர்த்துக் கதைக்கிறதுக்கும் ஒரு வகுப்போ?" என்று வரும்போது காரில் கேட்டார்.

எனக்கோ அந்த வகுப்பு உயிராகிவிட்டது. ஒரு கதையை வாசித்துவிட்டு நீ என்ன நினைக்கிறாய் என்று அதற்கு முன் என்னை யாரும் கேட்டதில்லை. நினைத்ததெல்லாம் மனசுக்குள் நிறைய இருந்தது, வாய்க்கு மட்டும் வரவில்லை. தவணை பாதியானதும் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, வாதாடும் நாளில் பேசாவிட்டால் அடுத்த தவணை வகுப்பு மாற வேண்டி வரும் என்று அன்பாகத்தான் சொன்னார். அன்று கூட்டிப்போக வந்த மாமாவின் காரில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

மாமா அடுத்த நாளே பயிற்சியைத் தொடங்கினார். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அவர் ஏதாவது விசர்க் கதை சொல்வார், நான் மறுக்கவேண்டும். இடியப்பத்தை விடப் பாண் திறம் என்பார். ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு மெல்பேணில் குளிரே இல்லை என்பார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை ஏழு நாளும் வைக்கவேண்டும் என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"சும்மா இருங்கோ மாமா" என்றேன்.

"அது பதில் இல்லைப் பிள்ளை. ஏன் எண்டு சொல்லு."

ஒரு மாதத்தில் நான் குசினியிலும் ஏன் என்று கேட்கத் தொடங்க, பிள்ளையைப் பழுதாக்கிவிட்டாய் என்று அம்மாவிடம் மாமாதான் பேச்சு வாங்கினார்.

வாதாடுவதற்கு எங்களுக்கு ஒரு சிறுகதை தந்தார்கள். தூர ஊரில் வேலை கிடைத்த ஒருவன் ரயில் மேடையில் நிற்கிறான். வீட்டில் அவனை நம்பி அக்காவும் அவளுடைய சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரயில் வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடும். அவன் ஏறக்கூடாது என்று பேசும் பக்கம் எனக்கு வந்தது.

அந்த நாட்களில் மாமாவுக்கும் நாட்டின் வடக்கு முனையில், டார்வினில் ஒரு வேலை வந்திருந்தது. மன்னாரில் இருந்தபோது அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். டார்வினிலும் அதே தொழில். போறதெண்டால் போ, நான் சமாளிப்பன் என்று அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. ஆனால் அது பெரியவர்களின் விஷயம், எனக்குத் தலைக்குள் வாதம் மட்டும்தான் இருந்தது.

வாதாடும் நாளன்று காலை காரில் மாமா பகிடி விடவில்லை.

"அவனுக்குக் கையில தொழில் இருக்கு. அதை விட்டுட்டு எவ்வளவு காலம் வேற வேலை செய்யிறது?"

"தொழிலை எப்பவும் செய்யலாம் மாமா. பிள்ளையள் ஒருக்கால்தான் சின்னப் பிள்ளையளா இருப்பினம்."

சிக்னலில் பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் மாமா காரை எடுத்தார்.

"நல்ல பொயிண்ட்" என்றார். "வகுப்பில அதைச் சொல்லு."

சொன்னேன். முதல் இரண்டு வசனமும் தடுக்கித் தடுக்கி வந்தன, பிறகு என் பேச்சு நிற்கவே இல்லை. அடுத்த தவணையும் இதே கதிரைதான் உனக்கு என்று ஆசிரியை சொன்னார். பின்னேரம் காருக்கு ஓடிவந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் மாமாவிடம் கொட்டினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "சரி, அவன் ஏறாமல் நிண்டுட்டான் எண்டு வை. பிறகு கவலைப்படமாட்டானோ?"

"கதை அதுக்கு முதலே முடிஞ்சிடும் மாமா" என்றேன். அவர் சிரித்து என் தலையைத் தடவினார்.

அன்றிரவே அவர் டார்வினுக்குப் போன் அடித்து, வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியவந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். நான் வாதாடிய அந்தக் கிழமை, ஞாயிற்றுக்கிழமை அம்மா நண்டுக் கறி வைத்தார். கண் கலங்கியபடி மாமாவின் சோற்றுக் கோப்பையில் பெரிய காலாகப் பார்த்துப் போட்டார். வென்றது நான், கால் மட்டும் மாமாவுக்கா என்று நான் வாதாடினேன். மாமா அதை எடுத்து என் கோப்பையில் வைத்தார்.