மேடு இல்லாத பானெட்

பட்டறையில் அவரை எல்லோரும் மூடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய் டிரம்முக்கு மூடி அடித்துப் பழகிய கை. மனைவியின் அண்ணன் நடத்திய கார் பாடி கட்டும் பட்டறைக்கு வந்தபின், எஞ்சினை மூடும் முன்தகடான பானெட் அடிக்கத் தானே கற்றுக்கொண்டார். பானெட்டும் ஒரு மூடிதானே என்பார்.

அந்த மூடிதான் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. முதலில் நடுவில் கீல் வைத்து, இருபக்கமும் இறக்கை போலத் திறக்கும்படி அடித்தார். பக்கத் தகட்டில் காற்றுப் பிளவுகள் வேண்டும் என்றார்கள், வெட்டினார். இரண்டு வருடத்தில் அது பழசாகிவிட்டது, அடைத்தார். வருடத்துக்கு வருடம் காரின் மூக்கு தாழ்ந்துகொண்டே வந்தது. உள்ளே இருக்கும் எஞ்சின் மட்டும் தாழவில்லை. ஊர் வண்டிக்கெல்லாம் மூக்கை இறக்குகிறவருக்குத் தன் தொப்பையை இறக்க வழி தெரியவில்லையே என்று மனைவி கேட்பாள்.

ஒரு டாக்டரம்மா தன் உயரமான பழைய காருக்குப் புது முகம் கேட்டார். பானெட் ஒரே தகடாக, முன்கண்ணாடியிலிருந்து நுனி வரை நேர்க்கோடாக இறங்க வேண்டும். எஞ்சினுக்கு மேலே புடைப்பு வைக்காமல் முடியாது என்று வேறொரு பட்டறையில் கைவிரித்திருந்தார்கள். மூடிக்காரர் முடியும் என்றார். அந்தச் சொல்லை நம்பி மச்சான் வாக்குக் கொடுத்தார். மேடு தெரிந்தால் பழைய பானெட்டையே மாட்டித் தந்துவிடச் சொன்னார் டாக்டரம்மா. அவருடைய தோழிகள் இருவரும் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வண்டியைத் தருவதாக இருந்தார்கள்.

மூன்று வாரம் அடித்தார். வண்டியைக் கொடுக்க வேண்டிய அன்று காலை பானெட் அழகாக மூடியது. எஞ்சினை ஓட்டியதும், அது மூடியில் முட்டுவதுபோல டொக் டொக்கென்று இடித்தது.

மச்சான் திட்டியிருந்தால்கூட மூடிக்காரர் தாங்கியிருப்பார். மச்சானோ தணிந்த குரலில், "மாப்பிள்ளே, மேடு வச்சிரலாமா?" என்றார்.

மூடிக்காரர் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு நடந்தார். மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஓர் உருண்டை கேட்டார்.

"எதுக்குங்க?"

"எஞ்சினுக்கு."

"அதுக்கும் பசிக்குதாமா?" என்றபடி கட்டைவிரலால் அழுத்திப் பதம் பார்த்துக் கொடுத்தாள்.

உருண்டையை எஞ்சினின் உச்சியில் வைத்தார். அதிலிருந்து கிள்ளிய துண்டுகளைப் பானெட் உட்காரும் விளிம்பெங்கும் ஒட்டினார். பானெட்டை மூடி, எஞ்சினை ஓட்டி, நூறு எண்ணி நிறுத்தினார். பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார்.

உச்சியில் இருந்த உருண்டை வைத்தது வைத்தபடி இருந்தது. மனைவியின் கட்டைவிரல் பதிந்த குழிகூடக் கலையவில்லை. கண்ணாடியை ஒட்டிய பின்விளிம்பில் இருந்த துண்டுதான் காகிதம்போல நசுங்கியிருந்தது.

மூடிக்காரர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். அந்த விளிம்பில் முரட்டு நாடா ஒட்டி, பானெட்டை அதன்மேல் உட்கார வைப்பது இருபது வருடப் பழக்கம். புது மோஸ்தரில் இடைவெளி தெரியக்கூடாதென்று இந்த முறை நாடாவை அவரே விட்டுவிட்டார். தகடு தகட்டில் இடித்திருக்கிறது. விளிம்பை நாடாவின் கனத்துக்குத் தட்டித் தாழ்த்தி, நாடாவை ஒட்டினார். சத்தம் போயே போய்விட்டது.

மாலையில் டாக்டரம்மா வந்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, பானெட்டை நுனியிலிருந்து கண்ணாடி வரை பார்த்தார்.

"மத்த ரெண்டு வண்டியையும் வரச் சொல்லிடறேன்," என்றார்.

மச்சான் அப்போதுதான் மூச்சே விட்டார்.

வீட்டில் மனைவி மாவைப் பற்றிக் கேட்டாள். மூடிக்காரர் எண்ணெய்க் கறை படிந்த உருண்டையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"உன் மாவை எஞ்சின் தொடவே இல்லை," என்றார்.