சத்தம் கேட்டு அமுக்கியது

காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை அண்ணனின் கண்ணில் சொட்டு மருந்து விடுவது இன்றுவரை என் வேலை. கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரே சொட்டு. விட்டபின் மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். மிச்சமிருக்கிற பார்வையாவது நிற்கத்தான் இந்த மருந்து. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்னைத் திட்டினால்கூடத் தேவலை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா இறந்த பிறகு சேரப்பணஞ்சேரியில் அண்ணனும் நானும் மட்டுந்தான். சுற்றிலும் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். நான் ஒன்றில் பேக்கிங்குக்குப் போனேன். அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொன்றில் ஹெல்பராகச் சேர்ந்து, சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்த வண்டியால்தான் பர்மனென்ட் ஆனார். இரண்டு பக்கமும் விரற்கடை இடம் இருந்தால் போதும், லோடோடு நுழைத்துவிடுவார் என்று பேர்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். அவருடைய ஷிப்டு பஸ் தாமதமானால் வழியில் விபத்து என்றுதான் மனம் போகும். கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். ஆனால் அண்ணன் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பை இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டார். கோபந்தான் வந்தது.

"பாத்து வரமாட்டியாண்ணா?"

"நடு வூட்டுல சொம்ப வெச்சிகினு என்னிய சொல்றியா?"

கம்பெனியிலும் அவர் இடித்துக்கொள்வதைப் பார்த்து, உடன் வேலை செய்கிறவர்கள், "அண்ணாத்த காலையிலயே போட்டுகினு வந்துட்டாருடா" என்று கேலி செய்தார்களாம். குடிக்காத மனுஷன். தானும் சேர்ந்து சிரித்ததாகச் சொன்னார்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியிலேயே கண் பரிசோதனை உண்டு. சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார். நேராகப் பார்க்கிற பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வருஷம் கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கிற மிஷினையும் கொண்டுவந்திருந்தார்கள். அதில் அளவு கூடுதலாக வந்தது. சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ரிப்போர்ட் வாங்கி வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

சீட்டைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். கண்ணை நினைத்து அல்ல. வண்டியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஹெல்பராக்கிவிடுவார்களே என்றுதான்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாதான் சொன்னார். "உள்ள வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷினு. மோவாய அதுல வெச்சிகினு நடுவுலயே பாக்கணும். ஓரத்துல எங்கனா லைட்டு மின்னிச்சின்னா கையில கீற பட்டன அமுக்கணும். ஒவ்வொரு லைட்டுக்கும் டிக்குனு ஒரு சத்தம் வரும்மா. எங்க வூட்டுக்காரு அத்த வெச்சே சமாளிச்சிட்டாரு."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். நான் அண்ணன் காதில் ஓதினேன். "ண்ணா, லைட்டு தெரியலன்னாலும் சத்தம் கேட்டா அமுக்கிடு. ஒண்ணுகூட வுடாத."

"இது இன்னா, பிட்டு அடிக்கிற பரீட்சையா?"

"உன் வண்டி போயிடும்ணா."

பேர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். சத்தத்தை வைத்தே எந்த மிஷினில் பேரிங் போயிற்று என்று சொல்கிறவருக்கு அந்த டிக் எம்மாத்திரம். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "ஒண்ணு வுடல."

டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "பக்கப் பார்வை கிட்டத்தட்ட முழுசா இருக்கற மாதிரி வந்திருக்கு. ஆனா லைட்டே இல்லாம மிஷின் வெறும் சத்தம் மட்டும் கொடுத்தப்பவும் நிறைய தடவை அமுக்கியிருக்கீங்க. இதை நான் நம்ப முடியாது. அழுத்தம் அதிகமா இருக்கு, நரம்பைப் பார்த்தாலும் க்ளாக்கோமான்னுதான் தோணுது, ஓரத்துப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கிற நோய். சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க. பத்து நாள்ல வாங்க, மறுபடி எடுத்துடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுல போன பார்வை திரும்ப வராதும்மா."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் காதில் ஓதியது அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்கிற கவலையில், சொன்னது பாதி உள்ளே போகவில்லை. 'முழுசா' என்கிற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன். மிஷினில் வந்த காகிதத்தை மட்டும் கம்பெனியில் கொடுக்கச் சொன்னேன். டாக்டர் எழுதிய சீட்டை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். கம்பெனி நர்ஸ் காகிதத்தை ஃபைலில் சொருகிக்கொண்டார்.

பத்தாம் நாள் அண்ணனே கேட்டார். "லீவு சொல்லிடட்டுமாம்மா?"

"ஓ.டி. வேற கீது, அடுத்த மாசம் போலாம்ணா" என்றேன். இந்தத் தடவை மிஷின் நிஜத்தைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? மருந்தால் கண் சிவந்து சூப்பர்வைசர் விசாரித்ததும் அதையும் நிறுத்தச் சொன்னவள் நான்தான். வலி என்று ஒன்று இருந்திருந்தால் அண்ணன் என் பேச்சைக் கேட்டிருக்கமாட்டார். இந்த நோய்க்கு வலி இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஒருநாள் நல்ல வெயில் நேரத்தில், ரிவர்ஸில் வந்த அண்ணனின் வண்டி லோடு ஏற்றுகிற இடத்துத் தூணில் மோதியது. இடப்பக்கம் நின்றிருந்தவர் துள்ளி விலகியதால் பிழைத்தார். வீட்டுக்கு வந்து அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "அந்தாளு அங்க நின்னுகினு இருந்ததே எனக்குத் தெரியலம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அரிசி டின்னைத் தூக்கிச் சீட்டை எடுத்தேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே அறை வாசல். "இப்ப இன்னா பண்ணட்டும்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரிஞ்சா மட்டும் அமுக்குண்ணா."

டெஸ்ட் எடுக்கிற பெண் என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார விட்டது. அண்ணனின் வலது கண்ணை மூடி, விளக்கை அணைத்தது. கிண்ணத்தின் மங்கல் வெளிச்சத்தில் அவர் கையும் பட்டனும் தெரிந்தன. டிக் என்றது. விரல் அசையவில்லை. டிக். டிக். எப்போதோ ஒருமுறை அமுக்கினார். மறுபடி வெறும் டிக், டிக்.

"சார், தூங்கிட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டது.

"இல்லம்மா. முழிச்சிகினுதான் கீறேன்" என்றார் அண்ணன்.

டிக் என்றது. நான் அவர் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.