செம்பாக் ஏரியில் பனிப்புகார்

லாங்கன்தால் நகரில் ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலை ஒன்றில் மதிவதனனுக்கு வேலை. வேலை முடிந்தால் மிச்ச நேரமெல்லாம் மனைவி கஜலக்சுமிக்கு. போன மாரியில் பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேஷன் முடிந்து தடியோடு வீட்டுக்கு வந்த அன்றே குளியலறை வாசலில் இடறிச் சாயப்போனாள். அவன்தான் பாய்ந்து பிடித்தான். அந்தப் பயம் பிறகு அவனை விடவேயில்லை. தண்ணீர், தேத்தண்ணி, செருப்பு எல்லாமே அவன் கையால்தான். அவள் கதிரையில் அசைந்தாலே, "எழும்பாதையும், நான் எடுத்துத் தாறன்" என்பான். வேலைக்குப் போகும்போது, தான் வரும்வரை எழும்பக்கூடாதென்று எல்லாவற்றையும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவான். தூக்கத்திலும் அவள் புரளும் சத்தத்துக்கு விழித்துக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளின் தங்கை பவதாரணி வந்தால் மட்டும் அவனுக்குச் செம்பாக் ஏரி. கூட வேலை செய்யும் ரூடி, நொட்வில் கரையில் கட்டியிருக்கும் தன் சிறிய துடுப்புப் படகை அவனுக்குக் கொடுத்திருந்தான். நடு ஏரிக்குப் போனதும் நெஞ்சில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். அதை நினைத்து வீடு திரும்பும்போது வெட்கமாகவும் இருக்கும்.

அது கார்த்திகைக் கடைசி. கோடையில் கரையோரத் தாவரங்களுக்குள் திரியும் எக்லி மீன்கள், அந்தத் தாவரங்கள் அழுகி மேல்நீர் குளிர்ந்ததும் கூட்டமாய் ஆழத்துக்கு இறங்கிவிடும். பசியும் குறைந்துவிடும். படகு அசையாமல் நின்று, அடித்தரையை ஒட்டி இரையை மெல்ல மெல்ல ஆட்டினால்தான் வாய் வைக்கும். பள்ளம் தொடங்கும் இடம் பார்த்து நங்கூரத்தை இறக்கினான். சில மீன்கள் கிடைத்தன. விரல்கள் விறைத்ததும் போதுமென்று தலையை நிமிர்த்தினான். கரையைக் காணவில்லை. படகின் மறுமுனைகூடப் பனிப்புகாருக்குள் மங்கிப்போயிருந்தது.

நங்கூரக் கயிற்றை இழுத்தான். வரவில்லை. அடியில் ஏதோ மரத்தில் சிக்கியிருக்க வேண்டும். பக்கம் மாறி நின்றும் இழுத்துப் பார்த்தான். படகுதான் சரிந்தது.

பவதாரணிக்கு அழைத்தான்.

"அத்தான், நான் இப்ப வேலைக்கு வெளிக்கிடவேணும். எங்க நிக்கிறியள்?"

"புகாருக்க மாட்டுப்பட்டுட்டன். அக்காவைத் தனிய விட்டிட்டுப் போகாதையும்."

"அக்காவுக்கு ஒண்டும் நடக்காது. நீங்கள் பயப்படாமல்..."

குளிருக்குக் கைபேசி அணைந்துபோனது.

கயிற்றை அறுக்கக் கத்தி இருந்தது. அறுத்தால் எந்தப் பக்கம் துடுப்பு வலிப்பது? அறுக்காவிட்டால் அந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். கிடந்தால் என்ன, இன்றைக்கு ஒருநாள் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. உடனேயே குளியலறைத் தரையில் அவள் கிடப்பது போல் கண்முன் தெரிந்தது.

அப்போது எங்கோ ரயில் போகும் சத்தம் கேட்டது. ரயில் பாதை நொட்வில் கரையோரமாகத்தான் போகிறது. கயிற்றை அறுத்துவிட்டு அந்தப் பக்கம் வலித்தான். சத்தம் அடங்கியதும் துடுப்பை நிறுத்தி, அடுத்த ரயில் வரும்வரை நடுங்கிக்கொண்டு இருந்தான். ஒருமுறை சத்தம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. படகு தானாகத் திரும்பியிருந்தது. மறுபடி திருப்பி வலித்தான். கடைசியில் படகு நாணல்களுக்குள் புகுந்து நின்றது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. குசினியில் வெங்காயம் தாளிக்கும் மணம். கஜலக்சுமி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தடியில்லை.

"எப்ப துவக்கம் இப்பிடி நடக்கிறீர்?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். "ஆவணி துவக்கம். நீங்கள் வேலைக்குப் போற நேரத்தில. ஞாயிறில பவாவோட ஆத்துப் பக்கமும் போறனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பியளோ? கதிரையில கட்டிப்போட்ட மாதிரி இருக்குதப்பா. நீங்கள் ஏரிக்குப் போனால்தான் எனக்கு மூச்சு வாறது."

கோபப்படத்தான் பார்த்தான். மீன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் அப்பிடித்தான்" என்றான்.

கஜலக்சுமி வாளியை எடுத்தாள். "ஈர உடுப்பை மாத்துங்கோ" என்று மட்டும் சொன்னாள். மீன்களை அவளே கழுவி வெட்டினாள்.

தை மாதத்தில் அவள் அரைநேர வேலைக்குத் திரும்பினாள். கூட வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவனும் ஓம் என்றான். ஆனாலும் அவள் வெளிக்கிடும் காலைகளில் கதவின் உட்பக்கம் நின்று, அவள் ஒவ்வொரு படியாக இறங்குவதைக் காதால் கேட்பான். கீழே தெருக் கதவு சாத்தும் சத்தம் வரும்வரை அவனால் அந்த இடத்தைவிட்டு அசைய முடிவதில்லை.