முதலாளிக்குப் போன நண்டுகள்

மட்டக்களப்பு நகரில் அக்கா வேலை செய்த புடவைக்கடையில் கதிரைகளுக்குக் குறைவில்லை. எல்லாம் வாடிக்கையாளருக்கு. சேலை பார்க்க வந்தவர்கள் அமர்ந்திருக்க, எடுத்துக் காட்டும் பெண்பிள்ளைகள் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நிற்கவேண்டும். ஆளில்லாத நேரத்திலும் கதிரையில் இருக்கக்கூடாது. இருந்தால் கடையில் வியாபாரம் இல்லையென்று தெருவில் போகிறவர்கள் நினைத்துவிடுவார்களாம். இந்தச் சட்டத்தை யோசித்தவர் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்திருந்துதான் யோசித்திருப்பார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அங்கே வேலைக்காரர் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: பில் போடும் மேசை. அக்கா உயர்தரம் முடித்து, கம்பியூட்டர் வகுப்புக்கும் போனவள். அந்த மேசையில் கொஞ்சக்காலம் இருந்தால் பெரிய இடமொன்றில் கணக்கு வேலைக்குக் கேட்கலாம் என்பது அவள் போட்டிருந்த கணக்கு. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார்: "கொஞ்ச நாள் நிண்டு பழகு மகள். மறுகா பில்லுக்கு உன்னத்தான் இருத்துவன்."

கொஞ்ச நாள் இரண்டு நத்தார்ப் பண்டிகையைத் தாண்டிவிட்டது. தன்னாமுனைக்குக் கடைசி பஸ்ஸில் வந்திறங்கும் அக்கா, சாப்பிடமுதல் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் அவளுடைய உள்ளங்காலில் பேனையால் கண்ணும் மூக்கும் வரைந்து விளையாடுவேன். கால் வீங்கிய நாட்களில் முகம் பெரிதாக வரும். அது எனக்குப் பெரிய சந்தோசம்.

மூன்றாவது நத்தார் நெருங்கும்போது பில் மேசையில் இருந்த பெண் கல்யாணம் முடித்து வேலையை விட்டாள். "நத்தார் யாவாரம் முடியட்டும். அந்தக் கதிர உனக்குத்தான்" என்றார் முதலாளி. அன்றிரவு அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். மாதாவுக்குச் செய்தாயிற்று, இனி முதலாளிக்கும் ஏதாவது செய்யவேண்டுமே!

நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியில் வலை வீசுகிற வீட்டிலிருந்து நண்டைத் தவிர வேறென்ன போகும்? அதுவும் உயிரோடு போகவேண்டும். செத்த நண்டைக் கொடுப்பது கொடுக்காமல் விடுவதைவிட அவமரியாதை. அப்பா நல்ல கனத்த நண்டுகளாகப் பொறுக்கி, கொடுக்குகளை நூலால் இறுக்கிக் கட்டி, பன் புல்லில் இழைத்த பையில் போட்டு ஈரச்சாக்கால் மூடித் தந்தார். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம்.

கடையில் ஊசி குத்த இடமில்லை. அம்மா பையை நீட்டினார். "நம்மட ஆத்து நண்டு முதலாளி. மகளுக்குச் செய்யிற உபகாரத்துக்கு நாங்க வேற என்னத்தத் தாறது?"

"இதெல்லாம் எதுக்குப் புள்ள?" என்று முதலாளி கேட்டு முடிப்பதற்குள் பை அவருடைய மேசைக்குக் கீழே போய்விட்டது.

கொடுக்குகளைக் கட்டியிருந்தோம். கால்களை யாரும் கட்டவில்லை. பை எப்போது சரிந்ததோ, நண்டுகள் வரிசையாகப் புறப்பட்டுவிட்டன. பெரியது நேரே சேலைப் பகுதிக்குப் போனது. சேலை பார்க்க வந்த ஒரு பெண்மணி "ஐயோ மாதாவே!" என்று கதிரைக்கு மேல் ஏறினார். அக்காதான் ஓடி வந்தாள். வெறுங்கையால் ஒவ்வொன்றையும் பின்பக்கமாகப் பிடித்துப் பையில் போட்டாள், தரையைத் துடைத்தாள், ஏறி நின்றவரைக் கைபிடித்து இறக்கினாள். முதலாளியும் சனத்தோடு சேர்ந்து சிரித்தார். "நத்தாருக்கு நண்டுகளும் உடுப்பெடுக்க வந்திட்டு!"

நத்தார் முடிந்தது. கதிரையில் முதலாளியின் மனைவியின் தம்பி மகள் வந்திருந்தாள். அவளுக்குக் கம்பியூட்டரில் பில் போடத் தெரியாது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அக்காவுக்கு உத்தரவு. அக்கா சொல்லிக்கொடுத்தாள், பக்கத்தில் நின்றபடி.

அக்கா முதலாளியிடம் கேட்டுத்தான் பார்த்திருக்கிறாள். "நண்டக் கொண்டந்து சனத்துக்கு முன்னால கடைட மானத்த வாங்கினது ஆரு? பொறுப்பில்லாத ஆக்கள எப்பிடி பில்லுக்கு இருத்துற?" என்றாராம். அதே வாயால், நண்டு நல்ல சதை என்றும் சொன்னாராம். தின்றதும் எங்கள் நண்டு, காட்டிய காரணமும் எங்கள் நண்டு! வெட்கமென்று ஒன்று இருந்தால் தொண்டையில் ஓடாவது சிக்கியிருக்கவேண்டும்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் முதலாளியைத் திட்டவில்லை. அப்பாவுக்கு ஒழுங்காகக் கட்டத் தெரியாதென்று அம்மா சொன்னார். உயிரோடு கொண்டுபோகச் சொன்னது யாரென்று அப்பா கேட்டார். அந்தச் சண்டை தவக்காலம்வரை ஓடியது. அக்கா இருவருக்கும் நடுவில் இருந்து சோறு தின்றாள். இன்னும் கொஞ்சக்காலம் நின்றுவிட்டு வேலையை விட்டாள். கம்பியூட்டர் படித்ததை இப்போது அவள் யாரிடமும் சொல்வதில்லை.

கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்தால் அக்கா அந்தக் கதிரையில் இருந்திருப்பாள் என்றுதான் நான் வெகுகாலம் நம்பினேன். வளர்ந்து வாகரையில் கல்யாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது வழக்கம். ஒருநாள் நண்டுக் கதையைச் சொல்லி அங்கே எல்லாரையும் சிரிக்க வைத்தேன். மனைவியின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். என் அக்காவுக்கு முதல் அவரும் அங்கேதான் நின்றவராம்.

"எனக்கும் அந்தக் கதிரயத்தான் காட்டினவர். அப்பா காட்டுத்தேன் கொண்டுபோய்க் குடுத்தவர்" என்றார்.

தேன் பையைவிட்டு வெளியே வரவில்லை. யாரையும் கதிரைமேல் ஏற்றவுமில்லை. அவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை.