போனுக்குக் கொடுத்த ஓய்வு

அந்தக் கறுப்புப் பையை முதலில் இடுப்பில் கட்டிக்கொண்டது நான்தான். உள்ளங்கை அளவு துணிப்பை, இரண்டு பக்கமும் நாடா, உள்ளே ஒரு புதுப் போன். ஒரகடம் பக்கம் போன் செய்கிற ஒரு கம்பெனியின் சோதனைக் கட்டடத்தில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே எனக்குப் பாதி முடி வெளுத்திருந்தது. துடைக்கிற பெண்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, டிசைன் சார் தம் கையாலேயே ஆளுக்கொரு பை கொடுத்தார். சேலைக்கு மேலே போடும் யூனிஃபார்ம் சட்டைக்குள் அதைக் கட்டிக்கொண்டு, நான் ஒரு சுற்று நடந்து காட்டினேன். "ஒட்டியாணம் கணக்கா கீது சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசந்துபோகிறது.

அவர் நல்ல மனுஷன் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் துடைத்த ஈரத்தின் மேலேயே ஷூ காலோடு நடந்து போகிற படித்தவர்கள் நிறைந்த இடத்தில், அவர் ஒருத்தர்தான் சுவரோரமாக ஒதுங்கிப் போவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கும் புரிகிற மாதிரி அவர் தம் வேலையைச் சொன்னது பெருமையாக இருந்தது.

போனை வைத்திருக்கிற ஆள் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று போனுக்கே தெரிய வேண்டுமாம். தெரிந்தால், உள்ளே வீணாக ஓடுகிற வேலைகளை நிறுத்திவிட்டு அதுவும் தூங்கும், சார்ஜ் மிச்சமாகும். ஆனால் ஆள் சற்று நின்றதுமே தூங்கி, அடுத்த அடி வைத்ததுமே எழுந்தால், எழுந்திருக்கிற செலவு மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். சும்மா நிற்பது எது, ஓய்வாக இருப்பது எது என்று அதற்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பயன்பட மாட்டார்கள். துடைத்து, நின்று, பிழிந்து, மறுபடி துடைக்கிற நாங்கள்தான் வேண்டும். "இந்த பில்டிங்லயே நீங்கதாம்மா முக்கியமானவங்க" என்றார். எங்கள் சொந்தப் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் இதையே சொந்தப் போன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பேசுங்கள், படம் பாருங்கள் என்று அனுமதியும் கொடுத்தார்.

அவர் அறையைக் கூட்டப் போகும்போது கம்ப்யூட்டரில் எங்கள் கோடுகளைக் காட்டுவார். நடந்த நேரம் முள்முள்ளாக இருக்கும், அசையாமல் இருந்த நேரம் சமமாக இருக்கும். சமமான இடம் வந்தால் அவர் முகத்தில் ஒரு கனிவு வரும். "பாருங்கம்மா, எவ்ளோ அழகா தூங்குது" என்பார். போன் சூடாகிவிட்டால், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுகிற மாதிரி புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

எங்களில் ஒருத்தி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பிள்ளை பெற்று சில மாதம்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் உப்பு மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். அவள் சம்பாதித்தால்தான் அந்த வீட்டில் உலை. கைப்பிள்ளையை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி மார் கல்லாகிவிடும். ஷிப்டுக்கு நடுவில் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்து, அந்தப் பைப் போனில், ஊரிலிருந்து அனுப்பிய பிள்ளையின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள். அதைப் பார்த்தால்தான் பால் இறங்கும். பிழிந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மாப்பை எடுப்பாள். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் அவள் பங்கு வராந்தாவையும் சேர்த்து நான் துடைத்துவிடுவேன்.

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஒருநாள் ஏதோ காரியமாகச் சார் அறைக்குப் போனவன், அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டான். இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டிருக்கிறான். சார் சொல்லியிருக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குக் கொடுக்கிற மாதிரி, பேப்பரில் எடுத்தும் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் ஆண்களும் பெண்களுமாக நாங்கள் கூடி நின்ற இடத்தில் சூப்பர்வைசர் அந்தப் பேப்பரை விரித்து அவளைக் கூப்பிட்டான். கோடு சமமாக இருந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று யாரிடமோ விசாரித்தும் வைத்திருந்தான். "தெனம் பாத்ரூம்ல குந்திகினு இன்னாமா பண்ற? தூங்குறியா, இல்ல எவன்கூடயாச்சும் பேசிகினு கீறியா?" அவள் யூனிஃபார்ம் சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டே வந்ததை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள். நான் அவனைத் தனியே இழுத்துப்போய்க் காரணத்தைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். அதையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும் என்றான். அவள் இடத்துக்கு வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, கம்பெனியிலிருந்து யாராவது இவளே இருக்கட்டும் என்று சொன்னால் பார்க்கலாம் என்றான்.

கம்பெனி என்றால் எனக்குச் சார்தான். நேராக அவர் அறைக்குப் போனேன். ஒரு பெண்ணின் மானத்தை ஆம்பிளையிடம் எடுத்துச் சொல்ல நாக்கு கூசியது. ஆனாலும் முழுசாகச் சொன்னேன். அவள் தூங்கவில்லை, இந்தப் பேப்பரை வைத்து ஆளை அனுப்பாதே என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண் கலங்கப்போகிறது என்று நினைத்தேன். கண் மின்னியது.

"அப்போ அந்த நேரத்துல அவங்க வீடியோ பாத்துட்டிருக்காங்களா?" என்றார். "உடம்பு அசையல, ஆனா ஆள் முழிச்சிருக்காங்க. நடுவுல ஸ்கிரீன் மங்கிடுதுன்னு எப்பவாச்சும் சொன்னாங்களாம்மா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அவளுடைய கோடுகளைத் தேட ஆரம்பித்தார். இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"அவளுக்கு வேல போவுது சார்" என்று மறுபடி சொன்னேன்.

"அது காண்ட்ராக்ட் விஷயம்மா. அதுல நான் தலையிட முடியாது." திரும்பாமலே சொன்னார். "போன மட்டும் மறக்காம வாங்கிக் குடுத்துடுங்க."

அவள் அவிழ்த்துக் கொடுத்த பை பால் பட்டு நனைந்திருந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். போனை வெளியே எடுத்துவிட்டு, பையை இரண்டு விரலால் பிடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தப் போனை ஓரம் ஓரமாகத் துடைத்தார், சார்ஜில் போட்டார். நான் அங்கேயே என் பையையும் அவிழ்த்து மேஜையில் வைத்தேன். "உங்களுக்கு என்னம்மா? உங்க ரீடிங் நல்லாத்தானே வருது" என்றார், நிஜமாகவே புரியாமல். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். சூப்பர்வைசர்மேல் எனக்கு வந்தது கோபம். கோபம் ஆறிவிடும், ஆறியும் விட்டது. சார்மேல் வந்த இந்த அருவருப்பு ஆறவில்லை. மலத்தை மிதித்துவிட்டுக் காலை எத்தனை தடவை கழுவினாலும் போகாத நாற்றம் மாதிரி இருக்கிறது.

இப்போது என் மருமகள் ஒரு போன் வைத்திருக்கிறாள். அது தானே தூங்கிக்கொள்கிறதாம், சார்ஜ் நாள்கணக்கில் நிற்கிறதாம், அசையாமல் படுத்துப் பார்த்தாலும் படம் மங்குவதில்லையாம். அது அந்தச் சாரின் வேலையா, வேறு யாருடைய வேலையா, எனக்குத் தெரியாது. அவள் அதைச் சொல்லி என் கையில் கொடுக்க வந்தபோது, எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

பையை அவிழ்த்து வைத்த அன்றைக்கே நானும் வேலையைப் போட்டுவிட்டு அந்தத் தூத்துக்குடிப் பெண்ணோடு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் செங்கல்பட்டு போய் ஊர் வண்டியைப் பிடிக்க வேண்டும். பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் அவளை உட்காரவைத்து, முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. பாலைப் பிழிந்துவிட்டுக் குழாயில் கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஊர்ல கேப்பாவளே பெரியம்மா, என்னத்துக்கு வேலைய விட்டு நிப்பாட்டுனாவன்னு. நான் என்னன்னு சொல்ல?"

ரயில் தூரத்தில் தெரிந்தது. அவள் துணிமூட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"உக்காந்தேன்னு சொல்லு" என்றேன்.