எட்டாவது ஆள்

உதயா பெரும்பாலும் காலையில்தான் வருவான். இரவு டியூட்டி முடிந்து, யூனிஃபார்ம் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, பனியனும் காக்கிப் பேன்ட்டுமாக என் பிரவுசிங் சென்டருக்குள் நுழைவான். பூட்சைக் கழற்றிவிட்டு மூலை மிஷினில் உட்காருவான். 2003-ல் திருவொற்றியூரில் காலையில் பிரவுசிங் சென்டருக்கு வருகிறவன் ஒன்று வேலை தேடுகிறவனாக இருப்பான், இல்லையென்றால் வேலையை மறக்க வந்தவனாக இருப்பான். இந்தக் கான்ஸ்டபிள் மட்டும் வேலையை முடித்துவிட்டு அதே வேலையை ஆட வந்தான்.

அவன் ஆடியது ஒரு போலீஸ் ஆட்டம். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். மற்ற ஆட்டங்களில் டமால் டுமீல் என்று ஒரு கலகலப்பாவது இருக்கும். இதில் கதவுக்கு அடியில் சின்னக் கண்ணாடியை விட்டு உள்ளே யார் என்று பார்க்க வேண்டும். சுடுவதற்கு முன்னால் கையைத் தூக்கச் சொல்லிக் கத்த வேண்டும். துப்பாக்கியைக் கீழே போட்டவனைச் சுட்டால் மார்க் போய்விடும். சில பேர் சரணடைவதுபோல நடித்துவிட்டு மறுபடி துப்பாக்கியை எடுப்பார்கள். அதே வீட்டுக்குள் திரும்பப் போனால் ஆட்கள் வேறு வேறு அறையில் இருப்பார்கள், மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. உதயாவுக்கு அதெல்லாம்தான் பிடித்திருந்தது.

"இதுலதான் பாய் ரூல்ஸ் கீது. தப்பா அடிச்சா மார்க்க புடுங்கிக்கிறான். நம்ப ஸ்டேஷன்ல அடிக்காம நின்னாதான் திட்டு வுழும்."

குறையும் அவனே சொல்லுவான். ஆட்டத்தில் அவனோடு வரும் மூன்று போலீஸ்காரர்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். எந்தப் பட்டனைத் தட்டினாலும் நகர மாட்டார்கள். "இது மட்டும் நம்ப டிபார்ட்மென்ட் மாதிரியே கீது" என்பான். இன்னொன்று அவனுக்குச் சிரிப்பை வரவழைக்கும். "போலீஸ் வர்றான்னு தெரிஞ்சும் வூட்லயே குந்திகினு கீறானுங்க பாரு பாய். நம்பாளுங்க இந்நேரம் போட்ட எடுத்துகினு கடலுக்குப் போயிருப்பானுங்க. கதவத் தொறந்தா பொம்பளைங்கதான் நிப்பாங்க."

நம்பாளுங்க என்று அவன் சொன்னது அவனுடைய குப்பத்தை. அப்பா தேசப்பன் வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போனவர். உதயாவுக்குப் படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து கடலில் வாந்தி எடுக்கிறவனை ஊர் சும்மா விடுமா? கேலி தாங்காமல் பன்னிரண்டாவது முடித்த கையோடு போலீஸ் தேர்வுக்கு ஓடினான், தேறியும் விட்டான். ஊரில் அவன் ஒருவன்தான் போலீஸ். அதற்குப் பிறகு மந்திரி கார் போகிற வழியில் வெயிலில் நிற்பதும், திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடிப்பதுமாகவே அவனுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அலுத்துப்போன முகம் அவனுக்கு. முப்பதைத் தாண்டவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த வருஷம் வலை விஷயமாக அவன் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் கைகலப்பாகி, பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று எரிந்துபோனது. வழக்கம்போல ஆண்களெல்லாம் கடலுக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். எட்டுப் பேரை அனுப்புங்கள், மற்றவர்களைத் தொட மாட்டோம் என்றார்கள். யார் கொளுத்தியது என்று யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். இந்தக் கரையில் இது ஒன்றும் புதிதில்லை. பஞ்சாயத்து கூடி, முறை வைத்து வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பும். உள்ளே போகிறவன் குடும்பத்தை வெளியே வருகிறவரை ஊர் பார்த்துக்கொள்ளும். முறை வந்தும் ஆள் தராத வீட்டை ஊர் ஒதுக்கிவிடும். அப்புறம் வலையில் பங்கு கிடையாது, கரை ஏலத்தில் இடம் கிடையாது, சாவுக்கும் ஆள் வராது.

உதயா போலீஸில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டின் முறையைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். இந்தத் தடவை தள்ளவில்லை. போலீஸ் வீடு என்றால் மட்டும் பெரிய கொம்பா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தேசப்பன் தானே எழுந்து நின்று, நான் போகிறேன் என்றாராம்.

அன்று சாயங்காலம் எட்டுப் பேரும் வரிசையாக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஊர் தெரிந்த ஆள் என்று உதயாவையும் அந்த வாரம் அங்கேதான் போட்டிருந்தார்கள். எட்டாவது ஆளாக அப்பா வந்தார். வெளுத்த வேட்டி, மஞ்சள் பையில் துண்டு, சோப்பு. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சவரம் செய்திருந்தார்.

படகு எரிந்த அன்று தேசப்பன் ஊரிலேயே இல்லை. கண்ணில் புரை வளர்ந்து பாதிப் பார்வை போயிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கூட்டிப்போனவன் உதயா.

அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லப் போனவனை அப்பா முதலில் மடக்கினார். "வாயத் தொறக்காத. நான் வெளிய வந்தா இன்னொருத்தன் உள்ள போணும். அவன் பொண்டாட்டி நம்ப வாசல்ல வந்து மண்ணத் தூத்துவா. நாளைக்கு ஊர்ல நான் எப்டி நடக்கறது?"

அப்பாவை மீறி அவன் போய்ச் சொன்னான். இன்ஸ்பெக்டர் கத்தவெல்லாம் இல்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார். "எனக்கு எட்டு வேணும்ப்பா. உங்கப்பாவுக்குப் பதிலா ஒரு ஆளக் காட்டு, விட்டுடறேன். கோர்ட்ல நாளைக்குக் கேக்கும்போது சொல்றதுன்னாலும் சொல்லு. கோர்ட்டுக்கு அனுப்ப ஸ்டேஷன்ல ஆளே இல்லை, அவரை நீயேதான் கூட்டிட்டுப் போகணும்."

மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் உதயா என் கடைக்கு வந்தான். அன்று சட்டையைக் கழற்றவில்லை. முதல் நாள் நடந்ததை நின்றபடியே சொல்லி முடித்தான். ஆட்டத்தை ஆரம்பித்து ஒரு வீட்டுக்குள் போனான். ஒரு கிழவனைக் கையைத் தூக்கவைத்து, மண்டியிடவைத்து, விலங்கு மாட்டினான். அந்த ஆட்டத்தில் குற்றவாளி, அப்பாவி எல்லாருக்கும் மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்டினால்தான் மார்க்.

"பாய், இத எப்டி அவுக்கறது?"

நானும் வந்து எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டத்தைச் செய்தவன் மாட்டுவதற்குத்தான் வழி வைத்திருந்தான், அவிழ்ப்பதற்கு வைக்கவில்லை.

"இவ்ளோ ரூல்ஸ் போட்டவனுக்கு இது தோணல பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிடுடா, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

கோர்ட்டில் நடந்ததைப் பல நாள் கழித்துத்தான் சொன்னான். கோர்ட் படிக்கட்டு அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. நம் ஊரில் கைதியின் விரலோடு விரல் கோத்துப் பிடித்துத்தான் போலீஸ்காரன் கூட்டிப்போவான். அப்படியே பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினான். உள்ளே மாஜிஸ்ட்ரேட், போலீஸ் மேல் ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். அது எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. அப்போது சொல்லிவிடலாம் என்று உதயா வாயைத் திறந்தான். அப்பா அவன் விரல்களை இறுக்கி நெரித்தார்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார்.

உதயா சொல்லவில்லை.

ஜாமீனில் வெளியே வருவதற்குள் ஆபரேஷன் தேதி போய்விட்டது. ஆனால் ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. முதல் பங்கு மீன் அவர் வீட்டுக்கு வந்தது. பஞ்சாயத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இப்போது உதயாவை யாரும் கேலி பேசுவதில்லையாம்.

"அப்புறம் இன்னா உதயா, அப்பா நல்லாத்தான கீறாரு?" என்று கேட்டேன்.

"நல்லா கீறாரு பாய். ஏலம் எடுக்க வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லிகினு கீறாரு, எம்புள்ள கையப் புடிச்சி ஒரு படி தவற வுடாம இட்டுகினு போனான்னு. சந்தோஷமா சொல்றாரு. என்னாலதான் நின்னு கேக்க முடியல."